கடல்நீரும் குடிநீரும்: திருகோணமலைத் துறைமுகம் சொல்லும் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் பலர். அவர்களுட் பெரும்பாலோர் அதன் ஆழத்தையும், மலைகள் அரணாக நின்று காக்கும் அதன் உட்குடாக்களையும், எப்பருவக் காற்றுக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கக்கூடிய அதன் அமைதியையும் வியந்து போற்றினர். அவ்வியப்பு தகுதியானதே. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையோரமாகக் கல்கத்தா முதல் நம் தீவின் தென்முனை வரை பாய்க்கப்பலிற் செல்லும் ஒருவனுக்கு, வடகீழ்ப் பருவக்காற்று மூண்டெழும்போது பெரும்படையோடு ஒதுங்குவதற்கு இதனையொத்த இயற்கைத் துறைமுகம் வேறு கிடையாது.

ஆயினும் நெடுநாட் கடலில் அலைந்து கரை சேரும் மாலுமி துறைமுகத்தின் ஆழத்தை மாத்திரம் கேட்பதில்லை. "இங்கே குடிக்க நல்ல தண்ணீர் உண்டா?" என்றும் கேட்பான். நாற்றிசையும் நீர் சூழ இருந்தும் தாகத்தால் மடியக்கூடியவன் அவன். அவனுடைய அந்தக் கேள்விக்கு மனிதகுலம் எவ்வாறெல்லாம் விடை தேடியது, கடல்நீரிலிருந்து உப்பை அகற்றி நன்னீராக்கும் வித்தை எவ்வாறு வளர்ந்தது, அவ்வித்தையினால் நாம் பெற்றது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பவற்றைத் திருகோணமலையை நடுவாக வைத்து இன்று ஆராய்வோம்.

முதலில், கடல்நீரை ஏன் குடிக்கலாகாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். பெருங்கடல்களில் ஆயிரம் கிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நம் உடலிற் சேரும் மிகையான உப்பைச் சிறுநீரகங்கள் நீருடன் சேர்த்து வெளியேற்றுகின்றன. ஆனால், கடல்நீரில் உள்ள அளவு செறிவாக உப்பை வெளியேற்றும் ஆற்றல் மனிதனின் சிறுநீரகத்துக்கு இல்லை. எனவே கடல்நீரைக் குடித்தவன், அந்த உப்பைக் கழிப்பதற்குத் தான் குடித்ததினும் அதிகமான நீரை உடலிலிருந்து இழக்கிறான். குடிக்கக் குடிக்கத் தாகம் மிகுவதன் காரணம் இதுவே.

"உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்" என்பது நம் பழமொழி. பாய்க்கப்பல் மாலுமிக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும். அவனுக்கு வழங்கப்பட்ட உணவு பெரும்பாலும் உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த விசுக்கோத்துமே. அறுநூறு பேர் கொண்ட ஒரு போர்க்கப்பலில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் நீர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கலனின் நிறை 10 இறாத்தல் ஆதலின், நாளொன்றுக்கு 6,000 இறாத்தல் நீர் செலவாகும். மூன்று மாதப் பயணத்துக்கு ஏறத்தாழ 240 தொன் நீரைச் சுமந்து செல்ல வேண்டும். மரப்பீப்பாய்களில் அடைத்த அந்நீர் வெப்பமண்டலக் கடல்களிற் சில வாரங்களுக்குள்ளேயே நிறம் மாறி நாற்றமெடுக்கும். பீரங்கியும் வெடிமருந்தும் நிறைந்த கப்பலேயாயினும், அது எத்தனை நாள் கடலில் நிற்கலாம் என்பதை நிருணயித்தவை கப்பலின் அடித்தளத்தில் அடுக்கியிருந்த அந்தப் பீப்பாய்களே.

இவ்விடத்திலேதான் திருகோணமலையின் மதிப்பு விளங்குகிறது. அதன் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில், மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை வந்து கலக்கிறது. கரையெங்கும் காடு. ஆகவே அடுப்புக்கு விறகும், முறிந்த பாய்மரத்துக்கு மாற்று மரமும், பீப்பாய்க்கு நீரும் ஓரிடத்திலேயே கிடைக்கக்கூடிய வாய்ப்பு இருந்தது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும் பொருட்டு நாடி வந்தது கொட்டியாரத்தையே. அக்கப்பலில் வந்த இளைஞன் றொபேட் நொக்ஸ் 1660இற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தன் நூலை வெளியிட்ட வரலாறு யாவரும் அறிந்ததே.

போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் ஆலயத்தைத் தகர்த்து அக்கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1672இற் பிரான்சியத் தளபதி டி லா ஹே ஒரு கப்பற்படையோடு வந்து, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆதரவுடன் இங்குக் கால்கொள்ள முயன்றான். அவனுடைய படையை உணவுக்குறையும் நோயும் வாட்டின. ஒல்லாந்தரும் நெருக்கவே, சில மாதங்களுள் அவன் விலக நேர்ந்தது. துறைமுகம் எத்துணை ஆழமாயிருந்தும், கரையிலிருந்து உணவும் ஊழியமும் ஒழுங்காகக் கிடைக்காதவிடத்து அதனாற் பயனில்லை என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று அதனினும் தெளிவானது. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயத் தளபதி சேர் எட்வேட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டு ஓகஸ்து மாத இறுதியிற் பிரான்சியத் தளபதி சஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்டார். அன்றுதொட்டு இவ்விருவருள் ஒருவருக்குத் துறைமுகம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. சென்னைப் பட்டினத்தில் அக்காலத்திற் கப்பல்கள் திறந்த கடலிலேதான் நங்கூரமிட வேண்டும். பொங்கி எழும் கரையலைகளைக் கடந்து மசூலாப் படகுகளிலேதான் எப்பொருளையும் ஏற்றியிறக்க வேண்டும்.

1783ஆம் ஆண்டு சூன் மாதத்திற் கடலூரில் இருந்த பிரான்சியப் படையை ஆங்கிலேயர் நிலத்தில் முற்றுகையிட்டனர். ஹியூஸின் கப்பற்படை கடலிற் காவல் நின்றது. சஃப்ரன் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு அங்கே விரைந்தார். அவரிடம் 15 போர்க்கப்பல்கள், ஹியூஸிடம் 18. எண்ணிக்கையில் ஆங்கிலேயர் பக்கமே மிகுதி. ஆனால், நெடுநாட் கடலில் நின்ற ஆங்கில மாலுமிகளிடையே 'ஸ்கேவி' என்னும் ஈறழுகும் நோய் பரவியிருந்தது. குடிநீரும் குறைந்துகொண்டே வந்தது. சூன் 20ஆம் நாள் நடைபெற்ற போரில் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. எனினும் போர் முடிந்ததும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப வேண்டியவரானார். கடலூர்க் கடல் சஃப்ரன் வசமாயிற்று. அதன் பின்னரே சமாதானச் செய்தி வந்து போர் ஓய்ந்தது. அன்று ஹியூஸைக் கடலிலிருந்து விலக்கியவற்றுள் எதிரியின் பீரங்கியோடு நோயையும் நீர்ப்பீப்பாயையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இத்தகைய இடர்களை நீக்க, கடல்நீரையே குடிநீராக்க இயலாதா என்ற எண்ணம் அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே இருந்து வந்தது. கடல்நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்தால் உப்பற்ற நீராகும் என்பதைக் கிரேக்க அறிஞர் அரிசுத்தோத்தில் கி. மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கடலில் வாழ்ந்தோர்க்கும் உப்பளத்தில் உழைத்தோர்க்கும் இவ்வுண்மை வேறொரு வகையிற் புலப்பட்டேயிருக்கும். நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களை நோக்குங்கள். பாத்தியிற் கட்டிய கடல்நீரை ஞாயிறு காய்ச்சுகிறது. நீர் ஆவியாகி வானிற் செல்கிறது. உப்பு நிலத்தில் எஞ்சுகிறது. உப்பு விளைவிப்போன் வேண்டாமென விட்டுவிடுகின்ற அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் அதுவே நன்னீர். உப்பளமும் நன்னீராக்கும் ஆலையும் ஒரே தொழிலின் இரு கைகள்.

ஸ்கேவி நோய்க்கு எலுமிச்சை, தோடை முதலிய பழங்களின் பயனை 1747இற் சோதித்துக் காட்டிய ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை மருத்துவரே இத்துறையிலும் தெளிவு தந்தார். அவருக்கு முன்னிருந்தோர் கடல்நீரிற் பலவகைச் சரக்குகளைக் கலந்து காய்ச்சினாலன்றி நல்ல நீர் கிடையாது என நம்பினர். ஒன்றும் கலவாமற் காய்ச்சி வடித்தாலே போதும் என்பதை லிண்ட் 1762ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். பிரான்சிற் புவசோனியே என்பவரும் அக்காலத்திலே கப்பல்களுக்குரிய வடிகலம் ஒன்றை அமைத்தார். 1772இற் சாள்ஸ் ஏர்விங் என்பவரின் கருவிக்கு ஆங்கிலப் பாராளுமன்றம் 5,000 பவுண் பரிசளித்தது. கப்பலின் சமையற்கலத்து மூடியிற் குழாய் பொருத்தி, சோறு வேகும் அடுப்பின் வெப்பத்தாலேயே நீரையும் வடிப்பது அவர் முறை.

அங்ஙனமாயின், பத்தாண்டு கழித்துக் கடலூர்க் கடலில் நின்ற ஹியூஸின் மாலுமிகள் ஏன் தாகத்தோடு வருந்தினர்? இக்கேள்விக்கு விடை சொன்னவர் கப்பற்றலைவர் ஜேம்ஸ் குக். அவர் தமது இரண்டாம் உலகப் பயணத்தில் ஏர்விங்கின் கருவியைக் கொண்டுசென்று சோதித்தார். கருவி பயனுள்ளதே என ஒப்புக்கொண்ட அவர், அதனையே முழுவதும் நம்பி எவரும் கடலிற் செல்ல வேண்டாம் என எச்சரித்தார். விறகு தாராளமாக இருந்தால் உயிரைப் பிடித்துவைக்கும் அளவு நீர் கிடைக்கும். ஆனால் வெப்பநாடுகளில் உடல்நலத்தைப் பேணும் அளவு கிடையாது என்பது அவர் முடிவு.

குக் அனுபவத்திற் கண்டதைப் பின்வந்த பௌதிகம் கணக்கிட்டுக் காட்டியது. நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏழெட்டு மடங்கு வெப்பம், கொதித்த நீரை ஆவியாக்கச் செலவாகிறது. ஓர் இறாத்தல் உலர்ந்த விறகின் வெப்பம் சிறிதும் வீணாகாது நீரிற் சேர்ந்தாலும், ஏறத்தாழ ஆறு இறாத்தல் நீரையே அது ஆவியாக்கும். கப்பலின் சமையலடுப்பில் வெப்பத்தின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். ஆகையாற் கிடைப்பது அதிற் பாதியும் இராது. நீரைச் சுமப்பதற்குப் பதிலாக விறகைச் சுமக்க வேண்டும். அந்த விறகுக்கும் கரையையே நாட வேண்டும். கட்டொன்று அவிழ்ந்த இடத்தில் மற்றொரு கட்டு விழுந்தது. இந்த உண்மையை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வரலாறு முழுவதும் அது மறைந்தும் வெளிப்பட்டும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை மீண்டும் கைப்பற்றி நிலைபெற்றனர். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் தோன்றின. இவற்றுக்கு மாலுமிகளின் தாகத்தோடு இயந்திரத்தின் தாகமும் சேர்ந்தது. கொதிகலத்திற் கடல்நீரை ஊற்றினால் உப்பும் சுண்ணமும் படிந்து இரும்பைக் கெடுக்கும். ஆதலாற் பயன்பட்ட ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் ஒடுக்கிகளும், குறையும் நீரைக் கடலிலிருந்தே வடித்தெடுக்கும் ஆவியாக்கிகளும் கப்பல்களில் இடம்பெற்றன. ஒரு கலத்தில் எழுந்த ஆவியின் வெப்பத்தைக்கொண்டே, அமுக்கம் குறைந்த அடுத்த கலத்து நீரைக் கொதிக்கவைக்கும் முறையும் வளர்ந்தது. ஒரே வெப்பம் இரண்டு மூன்று முறை வேலை செய்ததால் நிலக்கரிச் செலவு குறைந்தது. மழையறியா ஏடனிலே கடல்நீரை வடிக்கும் பெரும் ஒடுக்கிகள் கரையிலும் நிறுவப்பட்டன. நிலக்கரிக் குவியல் எங்கே உண்டோ அங்கே நன்னீரும் உண்டு என்ற நிலை பிறந்தது.

நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தபோது, திருகோணமலை புதியதொரு பணியை ஏற்றது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சீனக்குடாவை அடுத்த காட்டினூடே மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளைப் பிரித்தானியக் கடற்படை வரிசை வரிசையாக எழுப்பியது. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இவற்றை எண்ணெய்த் தாங்கிகள் என்று மட்டும் எண்ணுதல் போதாது. அந்த எண்ணெயை எரித்தே போர்க்கப்பல் ஓடியது. அந்த எண்ணெயை எரித்தே அதன் ஆவியாக்கி கடலை வடித்துக் கொதிகலத்துக்கும் மாலுமிக்கும் நீர் தந்தது. நொக்ஸின் காலத்திற் கொட்டியாரத்து ஆறும் காடும் செய்த பணியைச் சீனக்குடாவின் இரும்புத் தாங்கிகள் ஏற்றுக்கொண்டன எனலாம்.

புதிய கட்டு எத்துணை நொய்ம்மையானது என்பது 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று சப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வீழ்ந்து மோத, அத்தாங்கி தீப்பற்றி எரிந்தது. துறைமுகத்தைவிட்டு விலகியிருந்த 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கிழக்குக் கப்பற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கி, 1944இன் தொடக்கத்திலேயே இங்குத் திரும்பியது. 1957 ஒக்டோபரிற் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

இனி, துறைமுகத்திலிருந்து கண்ணை எடுத்துக் கரையை நோக்குவோம். திருகோணமலை மாவட்டம் உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதற் சனவரி வரையிலேயே பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு அந்நீரைத் தேக்கிவைக்க வேண்டும். இதை அறிந்த முன்னோர் கட்டிய கந்தளாய்க் குளமே இன்றும் திருகோணமலை நகரின் குழாய்களுக்கு நீர் வழங்குகிறது. அக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது கோணேசர் கோயில் மரபு. அநுராதபுரத்து அரசர் பணி என்பது பாளி வரலாற்று நூல்களின் மரபு. மரபுகள் வேறுபடினும், கடற்கரை நகரின் உயிர் உள்நாட்டுக் குளத்தில் இருக்கிறது என்ற உண்மை வேறுபடவில்லை. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அக்குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழைய அணையும் இடையறாத பராமரிப்பை வேண்டி நிற்பது என்பதை அத்துயரம் உணர்த்தியது.

குழாய் எட்டாத கரையூர்களுக்குக் கிணறுகளே துணை. இக்கிணறுகளின் இயல்பு நுட்பமானது. மழைநீர் மணலுள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல், அதனினும் இலேசானதாகையால், ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட விதி. இதன் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். மேலே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கிற் கீழிருந்து உப்பு நாற்பதடி எழக்கூடும். அளவாக இறைப்பவனுக்குக் கடலோரக் கிணறு அமுதம். பேராசையோடு இயந்திரம் பூட்டி இறைப்பவனுக்கு அது கடலின் வாயில்.

2004 திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்விதியைக் கொடிய முறையிற் கற்பித்தது. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி முதலிய திருகோணமலைக் கரையூர்களும் அப்பேரழிவுக்குத் தப்பவில்லை. இலங்கைக் கரையெங்கும் ஏறத்தாழ 40,000 குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது உப்பேறின. உயிர்தப்பியோர் தம் கிணறுகளைத் தூய்மையாக்க விரைந்து இறைத்தனர். நல்லெண்ணத்தோடு செய்த அவ்விறைப்பே பலவிடங்களில் அடியிலிருந்த உப்பை மேலே இழுத்துக் கேட்டை நீட்டித்தது. பின்னர்ப் பெய்த பருவமழைகளே சிறிது சிறிதாக நிலத்தைக் கழுவின.

அந்நாட்களிற் கடலின் மறுகரையில் நிகழ்ந்த ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. சுமாத்திராவின் அச்சே கரை பேரலையாற் பாழாகிக் கிடந்தது. சஃப்ரன் 1782ஆம் ஆண்டின் மாரிக்காலத்தைக் கழிக்கத் தன் கப்பல்களோடு ஒதுங்கிய கரை அதுவே. 2005 சனவரியில் அங்கே நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்று கடல்நீரை வடித்து, அந்நீரைக் கரையிலிருந்த மக்களுக்கு அனுப்பியது. நூற்றாண்டுகளாகக் கரையிடம் நீர் கேட்டு வந்தது கப்பல். இப்போது கரை கேட்டது, கப்பல் கொடுத்தது.

கரையிலும் அவ்வாற்றலை நிறுவ வழிசெய்தது வேறொரு கண்டுபிடிப்பு. அதில் நம் நாட்டவருக்கு அண்மையான ஒருவரின் பங்கு உண்டு. இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்னும் அறிஞரும், சிட்னி லோப் என்பவரும், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிசு வளாகத்தில் 1960ஆம் ஆண்டளவில் ஒரு மென்சவ்வை உருவாக்கினர். இயல்பாக ஒரு சவ்வின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருந்தால், நன்னீர் உப்புநீரின் பக்கம் ஊடுருவிச் செல்லும். உப்புநீரின் பக்கம் பெரும் அமுக்கம் கொடுத்தாலோ, ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பி, நீர் சவ்வைக் கடக்க, உப்பு பின்தங்கும். கடல்நீருக்கு இன்று கையாளப்படும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல 55 முதல் 70 மடங்கு. நீரை ஆவியாக்க வேண்டிய தேவையே இம்முறையில் இல்லை. ஒரு கன மீற்றர் நீரை வெறுமனே காய்ச்சி ஆவியாக்க 600 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட சக்தி வேண்டும். சவ்வு முறைக்கு 3 அல்லது 4 போதும். குக் கண்ட பெருந்தடை இவ்வாறு குறைந்தது.

குறைந்தது என்றேனேயன்றி நீங்கியது என்னவில்லை. சென்னையில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலீற்றர் வீதம் தரும் ஆலைகள் தொடங்கின. 2019ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அந்நகருக்குத் தளராது கிடைத்த நீர்களுள் ஒன்று அவ்வாலைகளின் நீரே. நம் வடபுலத்திலும், இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தைக் கிளிநொச்சி உழவர் எதிர்த்தமையால், கடலை நாடும் திட்டம் உருவாயிற்று. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க ஆலை மருதங்கேணியை அடுத்த தாளையடியில் 2024 ஓகஸ்து 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அங்கும் கரையோர மீனவர் கவலை தெரிவித்தனர். அக்கவலை பொருளற்றதன்று. இத்தகைய ஆலைகளில், நூறு பங்கு கடல்நீரை எடுத்தால் நாற்பது பங்களவே நன்னீராகும். எஞ்சிய அறுபது பங்கு, முன்னினும் உவர்ப்பு மிகுந்து கடலுக்கே திரும்பும். அதனை எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்துணைக் கவனத்தோடு விடுகிறோம் என்பதிலேயே மீனின் வாழ்வும் மீனவன் வாழ்வும் தங்கியுள்ளன.

முழுவதும் இயந்திரத்தை நம்பியோர் நிலை எப்படியாகும் என்பதற்கு அயலில் ஒரு சான்று உண்டு. மாலைதீவின் தலைநகர் மாலே, கடல்நீரை நன்னீராக்கியே வாழும் நகரம். 2014 திசெம்பர் 4ஆம் நாள் அந்நகரின் ஆலையிற் பற்றிய தீயினால், நூறாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே நாளிற் குடிநீரற்றவராயினர். விமானங்களிலும் கப்பல்களிலும் நீர் அனுப்பப்பட்டது. இந்தியக் கடற்படையின் 'சுகன்யா' என்னும் கப்பல், தன்னிடமிருந்த சவ்வுக் கருவிகளைக்கொண்டு நாளொன்றுக்கு 20 தொன் நீர் ஆக்கும் ஆற்றலோடு அங்கே சென்றது.

அதற்கு நம் நாட்டுச் சான்றையும் சேர்க்கலாம். 2022 மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்க வழியின்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் நாட்டில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. சீனக்குடாவின் 99 தாங்கிகளைப் பங்கிட்டுச் சீர்செய்யும் உடன்படிக்கை அவ்வாண்டின் சனவரியிலேதான் கைச்சாத்தாகியிருந்தது. தாங்கிகளிற் பெரும்பாலானவை அப்போது பயனின்றிக் காட்டினுள் நின்றன. மின்சாரம் இல்லாத நேரத்தில் நீரைச் சவ்வினூடே தள்ளும் விசை எங்கிருந்து வரும்? விறகில்லாத கப்பலில் ஏர்விங்கின் கருவி என்ன பயன் தந்திருக்குமோ, எரிபொருளில்லாத நாட்டில் உப்பகற்றும் ஆலையும் அப்பயனையே தரும்.

ஆகவே, நேயர்களே, கடல்நீரை நன்னீராக்கும் வித்தையை வேண்டாமென ஒதுக்குதல் அறிவுடைமையன்று. வறட்சியிலும் பேரிடரிலும் அது உயிர் காக்கும். வேறு வழியற்ற தீவுகளுக்கு அதுவே கதி. எனினும், கடல் பக்கத்திலிருக்கிறது, இனி நீருக்குக் குறைவில்லை என்று கருதி, குளத்தைத் தூர விட்டுக் கிணற்றை உப்பேறவிடுவோமாயின், நாம் செய்வது பழைய மாலுமியின் நிலைக்கு நாட்டையே கொண்டு செல்வதாகும். நாற்புறமும் நீரும், கையில் அதனை நன்னீராக்கும் கருவியும் இருக்கும். அடுப்பில் இட விறகு இராது. கந்தளாயின் அணையைக் காத்தலும், கடலோரக் கிணற்றில் அளவோடு இறைத்தலும், மாரி மழையைத் தேக்குதலும் நம் முதற் கடமைகள். அவற்றைச் செய்தபின் வரும் குறையை நிரப்பவே கடலிடம் கை நீட்ட வேண்டும். கருவியைப் பாராட்டியும் அதனை முழுவதும் நம்பவேண்டாம் என்று குக் தம் கப்பலிலிருந்து சொன்ன முடிவு, கரையில் வாழும் நமக்கும் உரியதே.